இதழுக்கு ஆசிரியர் தேடிய மாதம்

'ஆசிரியர் தேவை' என்ற அந்த அறிவிப்பை எழுதியவள் நான்தான்.

முதியோர் வதையைப் பற்றி மட்டும் கட்டுரைகள் வெளியிடும் ஆய்விதழ் ஒன்று தமிழில் வருகிறது என்றால், படித்தவர்களே "அப்படியும் ஒன்று இருக்கிறதா?" என்று கேட்பார்கள். இருக்கிறது. வருஷத்துக்கு இரண்டு இதழ். அதைத் தொடங்கி இத்தனை காலம் நடத்திவந்த ஐயா மதுரையில் இருக்கிறார். அவருக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. "பிழையைக் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி எழுத்தையே கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்மா, வேற ஆளைப் பாருங்க" என்று ஃபோனில் சொல்லிவிட்டார். நான் சின்னமனூரில் குடியிருக்கிறேன். கம்பம் போகிற வழியில் ஒரு கல்லூரியில், காலை ஷிப்டில் சமூகப்பணி பாடம் நடத்துகிறேன். இதழின் குழுவுக்கு நான்தான் செயலாளர். ஆகவே ஆள் தேடும் வேலை என்னிடம் வந்தது.

மூன்று விண்ணப்பங்கள் வந்தன. ஒருவர் அட்டையில் தன் படம் வருமா என்று கேட்டிருந்தார். இன்னொருவர், 'முதியோர் வதை' என்பதை 'முதியோர் நலம்' என்று மாற்றினால் வருகிறேன், கல்யாண வீடுகளில் இந்தப் பெயரைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்றார். மூன்றாமவர் தன் எழுத்துக்கு மாதிரியாக அனுப்பிய கட்டுரை எங்கள் இதழிலேயே முன்பு வந்தது. அதில் இரண்டு பத்தி நான் எழுதியவை.

ஐயாவிடம் சொன்னேன். சிரித்து ஓய்ந்த பிறகு, "ராயப்பன்பட்டியில ஒரு அம்மா இருக்காக" என்றார். வெளியூரில் முப்பது வருஷம் சமூகவியல் நடத்தியவர். குடும்பத்துக்குள் நடக்கிற வன்முறையைப் பற்றி அவர் எழுதியதைப் படித்துத்தான் ஐயாவே இந்தத் துறைக்கு வந்தாராம். ஓய்வு பெற்று, கணவரும் போன பிறகு சொந்த ஊருக்கு வந்துவிட்டார். "கடைசியா எழுதி நாலு வருஷமாச்சு. ஏன்னு தெரியல. போய்ப் பாருங்க."

கிடைத்த எண்ணை அழைத்தேன். அவருடைய மகன் எடுத்தார். "அம்மா ஃபோன் வச்சுக்கிறதில்ல மேடம். எதுன்னாலும் எனக்கு அனுப்புங்க, நான் சொல்லிர்றேன்" என்றார். அவ்வளவு பணிவான குரல். எவ்வளவு பொறுப்பான பிள்ளை என்று நினைத்தேன். இதை எழுதும்போது என் கை கூசுகிறது. ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன்.

திராட்சைத் தோட்டங்கள் ஆரம்பிக்கிற இடத்தில், தெருவின் கடைசிக்கு இரண்டு வீடு முன்னால் அவர்கள் வீடு. மகனுக்கு நாற்பது வயது இருக்கும். விவசாயப் படிப்பு படித்தவர், இரண்டு ஏக்கரில் கொடி போட்டிருந்தார். மனைவியும் குழந்தையும் பள்ளிக்கூடத்துக்காக வெளியூரில் இருக்கிறார்கள் என்றார். ஒரு கிண்ணம் நிறைய திராட்சை கழுவிக் கொண்டுவந்து வைத்தார். அதற்குப் பிறகுதான் உள்ளே பார்த்து, "அம்மா, வாங்க" என்று குரல் கொடுத்தார். பேராசிரியை வந்து உட்கார்ந்தார். வெள்ளைச் சேலை, கனமான கண்ணாடி. நான் அவரிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் மகன் பதில் சொன்னார்.

"நாலு வருஷமா ஏன் மேடம் எழுதல?"

"அம்மாவுக்கு ஞாபகம் கொஞ்சம் அங்கிட்டு இங்கிட்டு ஆகுது மேடம்."

பேராசிரியை திராட்சையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் கொஞ்ச நேரத்தில் முழுக்க மகனிடமே பேச ஆரம்பித்துவிட்டேன். இதழ் என்றால் என்ன, எவ்வளவு வேலை இருக்கும், எத்தனை நாள் ஆகும் என்று எல்லாவற்றையும் அவருக்குத்தான் விளக்கினேன். எங்கள் பக்கத்துப் பழக்கம் அது. வயதான அம்மாவை ஏதாவது ஒன்றுக்குக் கேட்க வேண்டுமென்றால் மகனிடம் கேட்பதுதான் மரியாதை. மகனைத் தாண்டிப் பேசினால் அந்த வீட்டையே அவமானப்படுத்தியதாகும். கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனாலும் அப்படித்தான். என் மாமனாரை டாக்டரிடம் கூட்டிப் போனபோது, "எங்க வலிக்குது?" என்று டாக்டர் கேட்டதற்கெல்லாம் நான்தான் பதில் சொன்னேன்.

இதழில் ஒரு வழக்கம் உண்டு. ஆசிரியராக வரக்கூடியவருக்கு, இன்னும் வெளியிடாத ஒரு கட்டுரையை எழுதியவர் பெயரை எடுத்துவிட்டுக் கொடுப்போம். அவர் ஓரத்தில் குறிப்பு எழுதித் தர வேண்டும். சென்னையில் முதியவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து ஒரு மாணவர் செய்த ஆய்வை எடுத்துப் போயிருந்தேன். மகன் வாங்கி இரண்டு பக்கம் புரட்டினார். "இதெல்லாம் நமக்குப் புரியாது" என்று சிரித்துக்கொண்டே அம்மாவிடம் கொடுத்தார்.

எழுந்தபோது பேராசிரியையின் அறைக் கதவைப் பார்த்தேன். வெளிப்பக்கத்தில் புதிதாக ஒரு தாழ்ப்பாள் மின்னியது. எங்கள் பள்ளத்தாக்கில் ஆடி பிறந்தால் காற்று மலையிடுக்கில் புகுந்து வந்து எல்லாக் கதவையும் அறைந்து தள்ளும். எல்லார் வீட்டிலும் இருபுறமும் தாழ்ப்பாள் இருக்கும். காற்றுக்காகப் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு செருப்பை மாட்டினேன்.

ஒரு வாரம் கழித்து வாங்கிக்கொள்ளப் போனேன். மகன் வாசலில் திராட்சை வியாபாரியோடு ஃபோனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். பேராசிரியை உறையைக் கொண்டுவந்து நீட்டினார். நான் பிடித்த பிறகும் சில நொடிகள் அவர் கையை எடுக்கவில்லை. வயதானவர், பிடி தளர நேரமாகிறது என்று எண்ணினேன்.

பஸ்ஸில் உட்கார்ந்து பிரித்தேன். பென்சிலால், பொடிப்பொடியான எழுத்து. இப்போதும் மனப்பாடமாக இருக்கிறது.

'மகன் உங்களை அடிப்பதுண்டா?' என்ற கேள்விக்குப் பக்கத்தில்: "இதைக் கேட்டபோது மகன் எங்கே நின்றான் என்று கட்டுரையில் இல்லை. வாசலில் நின்றாலும் அறைக்குள் நின்றதாகத்தான் கொள்ள வேண்டும்."

'வேளாவேளைக்கு உணவு கிடைக்கிறதா?' என்பதற்குப் பக்கத்தில்: "ஆம் என்றுதான் எழுதுவார்கள். தட்டு கைக்கு எட்டுகிற இடத்தில் வைக்கப்படுகிறதா என்று கேளுங்கள்."

'காயங்கள்' என்ற தலைப்புக்குக் கீழே: "படித்த வீட்டில் காயம் தேடாதீர்கள். கண்ணாடியை எடுத்து ஒளித்து வைப்பார்கள். படிக்கிறவளுக்கு அது போதும்."

கடைசிப் பக்கத்தில்: "அறைத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து வர ஆய்வாளருக்குச் சொல்லுங்கள். ஆடிக் காற்றுக்குப் போட்டது என்பார்கள். நம்பிவிட்டு வராதீர்கள்."

என்ன ஒரு கூர்மை என்று வியந்தேன். பஸ்ஸிலிருந்தே ஐயாவை அழைத்துப் படித்துக் காட்டினேன். "இவுகதான்" என்றார் அவர். அவருக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை. இருபது வருஷம் இந்தத் துறையில் இருக்கிற இரண்டு பேர் நாங்கள்.

வீட்டுக்கு வந்து, குறிப்பு இருந்த நான்கு பக்கத்தையும் ஃபோனில் படம் எடுத்தேன். மகனின் எண்ணுக்கு அனுப்பினேன். கீழே இப்படி எழுதினேன்: "உங்கள் அம்மாவின் அறிவைக் கண்டு குழுவே வியக்கிறது. இப்படி ஒரு தாய்க்குப் பிள்ளையாகப் பிறந்ததற்கு நீங்கள் பெருமைப்பட வேண்டும். ஆசிரியர் பொறுப்புக்கு உங்கள் சம்மதத்தை எதிர்பார்க்கிறோம்."

இரண்டு டிக்கும் நீலமாயின. பதில் இல்லை.

என் மகள் கல்லூரியில் முதலாம் ஆண்டு. விடுமுறைக்கு வந்திருந்தாள். மேசையில் கிடந்த தாள்களை எடுத்து, முறுக்கைக் கடித்துக்கொண்டே படித்தாள். கடிப்பது நின்றது.

"அம்மா, இது எந்த ஊருல எடுத்த ஆய்வு?"

"சென்னையில."

"சென்னையில ஏது ஆடிக் காத்து?"

நான் அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தேன்.

"கட்டுரையில காத்தைப் பத்தி ஒரு வரி இல்லம்மா. முழுசாப் பாத்துட்டேன். இவுக எந்தக் கதவைப் பத்தி எழுதியிருக்காக?"

மின்னிக்கொண்டிருந்த அந்தத் தாழ்ப்பாள் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. உறையை விடாமல் பிடித்திருந்த அந்தக் கை வந்தது. உட்கார நாற்காலி எங்கே என்று தேடினேன்.

"இத யார்கிட்டயாச்சும் காட்டுனியா?" என்றாள்.

நான் ஃபோனை நீட்டினேன். அவள் பார்த்துவிட்டு, "அய்யோ அம்மா, அந்தாளுக்கேவா அனுப்புன?" என்றாள். என் கையிலிருந்து பிடுங்கி, நான்கு படங்களையும் செய்தியையும் இரு பக்கமும் அழியும்படி அழித்தாள். 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று ஐந்து வரி வரிசையாக நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. அவர் முன்பே படித்துவிட்டார். இப்போது நாங்கள் அழித்ததன் மூலம், எங்களுக்குப் புரிந்துவிட்டது என்பதையும் அவருக்குச் சொல்லிவிட்டோம்.

மறுநாள் காலை அவரே அழைத்தார்.

"அம்மாவுக்கு உடம்பு முடியல மேடம். பதவியெல்லாம் வேண்டாம்னுட்டாக. நீங்க என்னமோ அனுப்பிட்டு அழிச்சிருந்தீகளே?"

"தப்பா வந்துருச்சு சார்."

"பரவால்ல மேடம். நான் படிச்சுட்டேன். நல்லாத்தான் எழுதியிருக்காக."

அதே பணிவு. அம்மாவைச் சொல்லும்போதெல்லாம் அதே மரியாதை விகுதி 'ஆக'. அன்றைக்கு வகுப்பில் நான் என்ன நடத்தினேன் என்று எனக்கு நினைவில்லை.

முதியோர் உதவிக்கென்று ஒரு எண் இருக்கிறது. வருஷா வருஷம் முதல் வகுப்பிலேயே அதைக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள் நான். மூன்று முறை அந்த எண்ணை அழுத்தினேன். மணி அடிப்பதற்குள் மூன்று முறையும் துண்டித்தேன். ஆள் வருவார்கள், கேட்பார்கள். மகன் திராட்சை கழுவிக் கொடுப்பார். வாசலில் நின்றுகொண்டிருப்பார். அம்மா 'ஒன்றுமில்லை' என்பார். வந்தவர்கள் போவார்கள். கதவு சாத்திக்கொள்ளும். அப்புறம்? இப்படி முடிகிற எத்தனை கட்டுரைகளுக்கு நானே எழுத்துப் பிழை திருத்தியிருக்கிறேன். இதெல்லாம் சாக்கு என்றும் தெரிந்தது. எனக்கு அந்த மகனைக் கண்டு பயம். என் எண், என் வீடு, என் கல்லூரி எல்லாம் அவருக்குத் தெரியும். எனக்கு ஒரு பெண் இருக்கிறாள்.

என் வீட்டுக்காரர், "ஊர் வம்பு உனக்கு எதுக்கு? வேற ஆளைப் பாரு" என்றார். வேறு ஆளைப் பார்ப்பதா? அறிவிப்பில் போட்டிருந்த தகுதிகள் அத்தனையும் அந்த அம்மாவுக்கு இருந்தன. நாங்கள் கேட்காத ஒரு தகுதியும் இருந்தது.

இதையெல்லாம்விட என்னைத் தூங்கவிடாத பயம் வேறு. அந்த மகனை வளர்த்தவர் யார்? குடும்பத்தில் ஒருவர் இன்னொருவரை எப்படி அடக்குகிறார் என்று முப்பது வருஷம் பாடம் சொன்னவர். அவர் செய்யாத எதை நான் செய்திருக்கிறேன் என் பெண்ணுக்கு? அவள் கோபத்தில் கதவைச் சாத்தினால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, கொண்டா' என்று என் கையிலிருந்து ஃபோனை வாங்கினால், அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன். "என்னம்மா அப்படிப் பாக்குற?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். நானும் 'ஒன்றுமில்லை' என்றுதான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல் ராயப்பன்பட்டிக்குப் போனேன். வெளிக்கேட்டுக்கு உள்ளே நின்றபடி மகன் பேசினார். கேட்டைத் திறக்கவில்லை.

"தூங்குறாக மேடம்."

"எந்திரிக்கிற வரைக்கும் இருக்கேனே."

"மாத்திரை போட்டிருக்கு. எந்திரிக்க நேரமாகும்." சிரித்தார். "பதவிக்கு வேற நல்ல ஆளாப் பாருங்க மேடம். அம்மா இப்பல்லாம் கண்டதையும் கற்பனை பண்றாக."

பஸ் நிறுத்தத்துக்கு வந்து உட்கார்ந்தேன். ஒரு பஸ் வந்து போனது. இரண்டாவதும் போனது.

"என்னம்மா, எந்த ஊரு பஸ்ஸுக்குக் காத்திருக்கீக? எல்லாத்தையும் விடுறீகளே" என்று ஒரு குரல். அறுபது வயதைத் தாண்டிய கன்னிகாஸ்திரீ ஒருவர், கையில் குடையோடு நின்றிருந்தார். அந்த ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிறவர் என்று பேச்சில் தெரிந்தது. நான் எதையும் நேராகச் சொல்லவில்லை. பேராசிரியை வீட்டைச் சொல்லி, "அவுக வீட்டுக்குள்ள வெளி ஆளுக யாராச்சும் போறதுண்டா சிஸ்டர்?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் என்னை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். குடையை மடக்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாசா மாசம் முதல் வெள்ளிக்கு, கோயிலுக்கு வர முடியாத நோயாளிக வீட்டுக்கு எங்க பங்குச் சாமியார் நற்கருணை அப்பம் கொண்டுபோவாக. நானும் போவேன். போன மாசம் இந்தத் தம்பிகிட்டக் கேட்டேன். 'அம்மா நல்லா இருக்காக சிஸ்டர், கோயிலுக்கே வருவாக'ன்னாரு. வரல."

"என்கிட்ட உடம்பு முடியலன்னாரே. இப்பத்தான் கேட்டுக்கு உள்ள நின்னு சொன்னாரு. மாத்திரை போட்டுத் தூங்குறாகன்னு."

"அவரே சொன்னாரா?"

"அவரேதான்."

சிஸ்டர் அங்கியின் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். "அப்பச் சரி. நோயாளி பட்டியல்ல எழுதிக்கிறேன். வர்ற வெள்ளிதான் முதல் வெள்ளி. எங்க ஊருல சாமி நற்கருணையோட வாசல்ல வந்து நின்னா, யாரும் கேட்டுக்கு உள்ள நின்னு பேச முடியாது."

"நானும் வரலாமா? நான் உங்க வேதம் இல்ல."

"செருப்பைக் கழட்டிட்டு வந்தாப் போதும்."

இடையில் நான்கு நாள். தினமும் காலையில் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருக்கிற கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களை ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகுதான் பஸ் ஏறினேன். வெள்ளைச் சேலை, கனமான கண்ணாடி என்று எது கண்ணில் பட்டாலும் நின்றுவிடுவேன். கிட்டே போய்ப் பெயரையும் ஊரையும் படித்த பிறகுதான் நகர்வேன். அந்த வீட்டு வாசலோரத்தில் கொடிக்கு அடிக்கிற மருந்து டப்பாக்கள் அடுக்கியிருந்ததும் அந்த நாட்களில்தான் ஞாபகத்துக்கு வந்தது. எல்லார் வீட்டிலும்தான் மருந்து டப்பா இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாழ்ப்பாளைப் பார்த்தபோதும் எல்லார் வீட்டிலும் இருப்பதுதான் என்று நினைத்தவள் நான்.

வெள்ளிக்கிழமை கல்லூரிக்கு விடுப்பு சொல்லிவிட்டுப் போனேன். ஒருவர் மணியை ஆட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். பின்னால் சாமியார், சிஸ்டர், அந்தத் தெருவில் ஒன்றாகக் கூடிச் செபம் சொல்கிற பெண்கள் நான்கு பேர். அவர்களுக்குப் பின்னால் நான். மணிச்சத்தம் கேட்டு வாசல்களில் ஆட்கள் எழுந்து நின்றார்கள். அந்த வீட்டுக் கேட்டுக்கு முன்னால் மணி நின்றது. மகன் வெளியே வந்தார். சாமியாரைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். கேட்டைத் திறந்தார்.

அவரே ஒரு முக்காலியை எடுத்துப்போட்டு வெள்ளைத் துணி விரித்தார். மெழுகுவத்தி கொளுத்தினார். அறைத் தாழ்ப்பாளை எங்களுக்கு முதுகு காட்டி நின்று, சத்தம் வராமல் விலக்கினார். எனக்கு முன்னால் நின்ற சிஸ்டரின் தோள் ஒரு கணம் இறுகியது.

பேராசிரியை கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி இல்லை. அது இல்லாமல் முகம் சின்னதாகியிருந்தது. வாசல் பக்கம் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார். யார் யார் வந்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

"கண்ணாடி உடைஞ்சு போச்சு. கடையில குடுத்திருக்கு" என்றார் மகன், யாரும் கேட்காமலே.

பேராசிரியை தன் பாவங்களைத் தனியாகச் சொல்கிற பாவசங்கீர்த்தனம் கேட்பதற்காக எல்லாரும் வெளியே போக வேண்டும் என்றார் சாமியார். மகன் கதவோரமாகவே நின்றார். "தம்பி, இங்கிட்டு வாங்க. அது சாமிக்கும் அவுகளுக்கும் உள்ளது" என்றார் சிஸ்டர். மகன் மூன்றடி தள்ளி வந்தார். ஐந்து நிமிஷம் ஆனது. கதவு திறந்தபோது சாமியாரின் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அங்கே கேட்டதை அவர் யாரிடமும் சொல்லக் கூடாது, சாடையாகக்கூடக் காட்டக் கூடாதாம். பிறகுதான் சிஸ்டர் சொன்னார். அப்போது எனக்கு, அவ்வளவுதானா, இதற்கா வந்தோம் என்றிருந்தது.

செபம் முடிந்தது. நற்கருணை கொடுத்தாயிற்று. சாமியார் கிளம்பத் திரும்பினார்.

"சாமி, ஒரு நிமிஷம்."

வகுப்பில் கடைசி பெஞ்சுவரை கேட்கிற குரல் அது.

"அந்தக் கல்லூரிப் பொண்ணு வந்திருக்காளா?"

"வந்திருக்கேன் மேடம்."

"நீங்க எல்லாரும் இருக்கையில சொல்றேன். இவ ஒரு ஆய்விதழுக்கு என்னை ஆசிரியரா இருக்கச் சொல்லிக் கேட்டு வந்தா. நான் சம்மதிக்கிறேன்."

"ஆத்தாடி, எங்க டீச்சரு பத்திரிக்கை நடத்தப் போறாகளா! டிவியில வருமா?" என்றார் ஒரு பெண்.

"அம்மா, உங்களுக்கு உடம்பு முடியலையே" என்றார் மகன்.

"அதுக்குத்தான இப்பச் சாமி வந்தாக."

பெண்கள் சிரித்தார்கள். மகனும் சிரித்தார். "கண்ணாடிகூட இல்லையேம்மா. எப்படிப் படிப்பீக?"

"உன் சட்டைப் பையிலதான்யா இருக்கு."

சிரிப்பு நின்றது. மகனின் கை மெல்லப் பைக்குள் போனது. கண்ணாடி வந்தது. அதைச் சட்டை நுனியில் துடைத்து அம்மாவிடம் நீட்டினார். "மறந்தே போச்சு" என்றார். நான்கு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மத்தியானத்துக்குள் அந்தப் பார்வை ஊரின் கடைசிக் குழாயடி வரைக்கும் போய்விடும் என்பது எல்லாருக்கும் தெரியும். மகனுக்கும் தெரியும்.

பேராசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "வேலையை வீட்டுல வச்சுப் பாக்க முடியாது. சிஸ்டர், உங்க பள்ளிக்கூடத்து நூலகத்துல ஒரு மேசை கிடைக்குமா?"

"ரெண்டு போடுறேன்."

"மத்தியானம் ரெண்டு மணிக்கு இவ வந்து என்னைக் கூட்டிட்டுப் போவா. அஞ்சு மணிக்குக் கொண்டாந்து விடுவா. அன்னாடம். வருவேல்ல?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மகனும் பார்த்தார். எவ்வளவு நேரம் பேசாமல் நின்றேன் என்று தெரியவில்லை. மறக்க முடியாத அளவுக்கு நீண்ட நேரம். தினமும் அந்தக் கேட்டுக்கு வர வேண்டும். அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

"வர்றேன் மேடம்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "சத்தமாச் சொல்லு" என்றார். மறுபடி சொன்னேன்.

ஐயா மதுரையிலிருந்து நியமனக் கடிதம் அனுப்பினார். அதை நூலகத்து மேசையில் வைத்துக் கொடுத்தேன். பேராசிரியை படித்துவிட்டு இரண்டு இடத்தில் திருத்தினார். அடுத்த இதழுக்கு வந்திருந்த கட்டுரைக் கட்டைத் தன் பக்கம் இழுத்தார். தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"அவனுக்குப் படம் எடுத்து அனுப்புனது நீதான?"

"ஆமா மேடம்."

"ஏன்?"

"பிள்ளைகிட்டச் சொல்லாம எப்படின்னு..."

"எனக்கு ஒரு மகன் இருக்கான்னு தெரிஞ்ச உடனே நான் உனக்கு மைனராயிட்டேன்."

நான் அழுதேன். அவர் நிறுத்தச் சொல்லவில்லை. அழுது முடிகிற வரை ஒரு பக்கத்தைப் படித்தார். பிறகு அந்த நாளைச் சொன்னார். மகன் அடிக்கவில்லை. ஃபோனைப் பார்த்து ஒவ்வொரு குறிப்பாக வாசித்தாராம். வாசித்துவிட்டு, "இதுக்கு என்னம்மா ஆதாரம்?" என்று கேட்டாராம். நான்கு பக்கத்துக்கும் கேட்டாராம். திரும்பவும் முதல் பக்கத்திலிருந்து. நடுவில் செய்திகள் அழிந்துபோனபோது நிறுத்திவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டாராம்.

"வேற எங்கயாச்சும் இருந்துக்கலாமே மேடம். சிஸ்டர்கூட இடம் தர்றேங்கிறாக."

"வீடு என்னோடது. நான் எதுக்குப் போகணும்?" கொஞ்ச நேரம் கழித்து, "அவனை வளத்ததும் நான்தான்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அன்று வீட்டுக்கு வந்ததும் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் அனுப்பியதையும், மூன்று முறை துண்டித்ததையும், எல்லார் முன்னாலும் வாயடைத்து நின்றதையும். அவள் கேட்டுவிட்டு, "நாளைக்கும் போவேல்ல?" என்றாள்.

இதழ் வந்துவிட்டது. யாரையோ படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, இதுவரை வந்ததிலேயே நல்ல இதழ் என்றார் ஐயா. காலையில் அந்தத் தெருப் பெண்களில் ஒருவர் கறிவேப்பிலை கேட்டு அந்த வீட்டுக்குப் போகிறார். அவர் வீட்டிலேயே மரம் நிற்கிறது. மத்தியானத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். முதல் வெள்ளிக்கு மணி வருகிறது. அறையின் தாழ்ப்பாள் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. சாயங்காலத்திலிருந்து விடிகிற வரை உள்ளே என்ன நடக்கிறது என்று எங்கள் யாருக்கும் தெரியாது. பேராசிரியையும் சொல்வதில்லை.

முதல் சில நாள் அஞ்சு மணிக்கு அவரைக் கேட்டுக்குள் விட்டதும் ஓடிவந்துவிடுவேன். மகன் வாசலில் நின்று, "மேடம், காபி சாப்பிட்டுப் போங்களேன்" என்பார், அதே பணிவோடு. "பஸ்ஸுக்கு நேரமாச்சு சார்" என்பேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. "குடுங்க" என்று உள்ளே போய் உட்கார்ந்துவிடுகிறேன். அவர் போட்டுக் கொண்டுவருகிற காபியை வாங்கும்போது டம்ளர் டவராவில் தட்டிச் சத்தம் போடும். அவரும் அதைக் கேட்கிறார். எதிரில் பேராசிரியை உட்கார்ந்து மறுநாள் படிக்க வேண்டிய கட்டுரையைப் பற்றி என்னிடம் பேசிக்கொண்டிருப்பார். நான் ஒவ்வொரு வாயாகக் குடிப்பேன். காபி ஆறி ஆடை படிந்த பிறகும் கொஞ்சம் மிச்சம் வைத்திருப்பேன். நான் அங்கே உட்கார்ந்திருக்கிற வரைக்கும் அந்த வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம்.